மூன்று வருஷம் போதாத மண்

ஆஷ்,
12 அக்டோபர் 2009

அன்பு மகள் ஹானுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதம். பர்னோவில் குளிர் ஆரம்பித்திருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு போ.

இந்த மாதக் கடைசியில் அப்பாவை அடக்கம் செய்து மூன்று வருஷம் முடிகிறது. வியட்நாமிலிருந்து பெரியப்பா பேசினார். நம் வழக்கப்படி குழியைத் திறந்து, எலும்பைக் கழுவி, பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவர வேண்டுமாம். "என் தம்பிய செக் நாட்டுக்காரன் மண்ணுல இன்னும் எத்தனை நாள் போட்டு வைப்ப?" என்று கேட்டார்.

கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் நவ்ராட்டிலிடம் போய்க் கேட்டேன். மனுஷன் வெலவெலத்துப் போனார். "பத்து வருஷத்துக்குத் தொடக் கூடாதும்மா. தொட்டாலும் எலும்பு கிடைக்காது, ஆளே அப்படியே கெடப்பாரு. இது களிமண்ணு" என்றார். உடம்பு கரையாமல் கிடந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள் நம் பக்கத்தில். இத்தனை வருஷம் இங்கே கடை வைத்து எல்லாருக்கும் சிரித்த முகமாக இருந்தவரை இந்த மண் ஏன் ஏற்றுக்கொள்ளவில்லை? ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் அம்மா


பர்னோ,
17 அக்டோபர் 2009

அன்புள்ள அம்மா,

தயவுசெய்து இதை இனி யாரிடமும் சொல்லாதே. "உங்க வீட்டுல இன்னைக்கு நாய்க் கறியா?" என்று பள்ளியில் என்னைக் கேட்டவர்கள்தான் இன்று உன்னிடம் ரொட்டி வாங்குகிறார்கள். வியட்நாம்காரி புருஷனின் பிணத்தைத் தோண்டப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் என்ன பேசுவார்கள்? ஜனவரியில் இங்கே டீச்சர் வேலையில் சேரப் போகிறேன். அந்தப் பேச்சு இங்கே வரைக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். சுயநலம்தான், திட்டிக்கொள்.

பெரியப்பா வீட்டுக்குப் போனபோது என் தடுமாறும் பேச்சைக் கேட்டு, "வெள்ளைக்காரப் பொண்ணு வந்திருக்கா, குச்சியில சாப்பிடத் தெரியாது, கரண்டி குடுங்கடா" என்று சிரித்தாரே, மறந்துவிட்டாயா? அங்கே எனக்குத் தெரிந்த தெரு ஒன்றுகூடக் கிடையாது. அப்பா இருப்பதால்தான் ஆஷை என் ஊர் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அவரையும் அனுப்பிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்?

உன் ஹான்


ஆஷ்,
27 அக்டோபர் 2009

அன்பு மகளுக்கு,

சொல்லாதே என்று நீ எழுதுவதற்குள் நவ்ராட்டில் பீர்க் கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். முட்டை வாங்க வந்த இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை. அன்று கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன்.

பெரியப்பாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்போ அவன் எங்க குடும்பத்துல இல்ல. நெனவு நாளைக்கு இங்க அவனுக்குச் சோறு கிடையாது" என்று போனை வைத்துவிட்டார். நான் வைக்கிறேன் சோறு. வீறாப்பாக நினைத்துக்கொண்டேனே தவிர, அன்று எனக்கே ஒரு வாய் இறங்கவில்லை.

நேற்று போய் அப்பாவுக்குப் பக்கத்து இடத்தை என் பெயருக்கு எழுதி வாங்கினேன். நவ்ராட்டில் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரும் திங்கட்கிழமை கல்லறைத் திருநாள், ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்கு வரும். அத்தனை பேர் நடுவில் தனியாக நுழைய எனக்குத் தைரியம் இல்லை. நீ வா.

இன்னொன்று. எனக்கும் ஒரு நாள் வரும். மூன்று வருஷம் கழித்து யார் வந்து கேட்டாலும் என்னைத் தோண்ட விடாதே. கரைந்தாலும் கரையாவிட்டாலும் அவர் பக்கத்திலேயே கிடக்கிறேன். அந்த மண்ணை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா