திரையின் அடியில் ஓடும் வரிகள்

மார்ச் 4, 2014. ஜியாயி, தைவான்.

இருபத்து மூன்றாம் விரிவுரையை மொழிபெயர்த்து முடித்தேன். வெப்ப இயக்கவியல். அமெரிக்கப் பேராசிரியர் பேசப் பேச, திரையின் அடியில் சீனத்தில் என் வரிகள் ஓடும். அவருடைய பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட காணொளிப் பாடம் இது. இரண்டு வருடமாக, கல்லூரியில் பாடம் நடத்தியது போக மிஞ்சிய நேரமெல்லாம் இதற்கே. இன்று அவர் வாசலில் பனி அள்ளும் கதை சொன்னார். எங்கள் ஊரில் பனியை யார் கண்டார்கள்? மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைகள் கற்பனை செய்துகொள்ளட்டும்.

மார்ச் 19

யீ-ரு கூப்பிட்டாள். காவ்ஷியுங்கில் இருந்துகொண்டு எங்கள் மொழிபெயர்ப்புக் குழுவை நடத்துகிறவள். "அக்கா, உங்க பாடத்தை நாலு பல்கலைக்கழகம் எடுத்துக்கிட்டாங்க! ஒண்ணு சீனாவுல, கான்சு பக்கம்!" சந்தோஷத்தில் எங்கள் ஊர் வான்கோழிச் சோறு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 22

துறைத்தலைவர் யோ அறைக்கு அழைத்தார். "நம்ம கல்லூரியும் உங்க பாடத்தை எடுத்துக்கப் போகுது, மேடம்." நன்றி சொல்லிவிட்டு வந்தேன். குனிந்து, இரண்டு முறை.

மே 13

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

சேர்க்கை பாதியாகிவிட்டது, பிள்ளைகளே பிறப்பதில்லை, நிர்வாகம் என்ன செய்யும் என்று நீளமாகப் பேசினார் யோ. பிறகு, குரலைத் தாழ்த்தி: "பாடம்தான் இருக்கே, மேடம். நீங்களே செஞ்சது. அதுல ஏதாவது குறை சொல்ல முடியுமா?"

முடியாது. மோசமான மொழிபெயர்ப்பு என்று சொன்னால் அது பொய். நல்ல மொழிபெயர்ப்பு என்று சொன்னால் எழுந்து போக வேண்டியதுதான். தேநீர் ஊற்றித் தந்தார். குடித்தேன். வேறென்ன செய்ய?

மே 14

வகுப்புக்குப் போனேன். நன்றாக நடத்தினேன். அதுதான் எரிச்சல்.

மே 20

யீ-ருவிடம் கேட்டே விட்டேன், மொழிபெயர்ப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று. "அக்கா... திறந்து விட்டா விட்டதுதான். யார் வேணா எடுத்துக்கலாம், விக்கக் கூடாது, பேரைப் போடணும். அவ்வளவுதான் நிபந்தனை."

"எங்க கல்லூரியில பிள்ளைங்ககிட்ட கட்டணம் வாங்கலையா?"

"வாங்கறாங்க. பாடம் நடத்தறது வியாபாரம் இல்லைன்னு சொல்லிடுவாங்க, அக்கா. உங்க பேரை வேணா எடுத்துடட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவள் அழுதாள். நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு பெயர் போட்டவள் நானேதானே? அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

ஜூன் 8

தங்கை ரு-பிங்கின் காலைச் சிற்றுண்டிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். தோசைக்கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள்.

"நல்லா இருக்குடி கதை! உனக்குப் பதிலா ஒரு ஆளை நீயே உக்காந்து செஞ்சு குடுத்திருக்கே. சம்பளம் கேக்காத ஆளு, லீவு கேக்காத ஆளு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முட்டை ரொட்டியை வெட்ட மறந்து அப்படியே தட்டில் போட்டு நீட்டினாள். அவளுக்குக் கோபம் என்மேல் இல்லை.

ஜூலை 2

இன்னும் மூன்று விரிவுரைகள் மிச்சம். தொடவேயில்லை. நான் முடிக்காவிட்டால் பாடம் அரைகுறையாக நிற்கும். அரைகுறைப் பாடத்தை வைத்து ஒரு பருவம் ஓட்ட முடியாது. அப்போது யோ என்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

இதையெல்லாம் யோசிக்கிறவளா நான்?

ஜூலை 6

கான்சுவிலிருந்து ஒரு மாணவி யீ-ருவிடம் கேட்டிருக்கிறாளாம்: "அடுத்தது எப்ப வரும்? எங்களுக்கு இதுக்கு ஆசிரியரே இல்லை."

ஜூலை 27

மூன்றையும் முடித்து அனுப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ரு-பிங்கிடம் சொன்னால் கரண்டியாலேயே அடிப்பாள்.

ஆகஸ்ட் 29

வேலை கேட்டு எழுதியதற்கு ஒரு பயிற்சி மையமும் பதில் போடவில்லை. யோ கூப்பிட்டார். காணொளி வகுப்புக்கு ஒரு உதவியாளர் வேண்டுமாம், மணிக்கணக்குச் சம்பளம். "உங்களைக் கேக்கவே கூச்சமா இருக்கு, மேடம். ஆனா உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்றது வாய்.

செப்டம்பர் 23

இரண்டாம் வாரம். வருகையைக் குறிப்பது, விளக்கை அணைப்பது, ஏற்றுவது. இவ்வளவுதான் என் வேலை. கல்லூரி அலுவலகத்திலிருந்தே காணொளி மூன்று வகுப்பறைகளிலும் ஒன்றாக ஓடுகிறது. நிறுத்தும் பொத்தான் எங்களிடம் இல்லை.

இன்று நடுவில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "மேடம், தேநீர் ஆறுது இல்ல, அந்தச் சூடு எங்க போகுது? அதே சூடு மறுபடி ஏன் கோப்பைக்குள்ள வரமாட்டேங்குது?"

எத்தனை நல்ல கேள்வி! எழுந்தே விட்டேன். பேராசிரியர் பேசிக்கொண்டே போனார், என் வரிகள் ஓடிக்கொண்டே போயின. முன் வரிசையில் ஒருவன் திரும்பி உஷ் என்றான். "முடிஞ்சதும் வாம்மா, சொல்றேன்," என்றேன்.

முடிந்து விளக்கைப் போட்டபோது அவள் இடம் காலி. பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "பானக்கடையில அவளுக்கு ஷிஃப்ட், மேடம். ஓடிட்டா."

அவளிடம் இதைத்தான் சொல்லியிருப்பேன்: சூடு எங்கேயும் தொலைந்து போகவில்லை, அம்மா. இந்த அறைக்குள்ளேதான் இருக்கிறது. காற்றில் கொஞ்சம், மேசையில் கொஞ்சம், உன் விரலில் கொஞ்சம். ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் இத்தனை இடத்தில் பரவிவிட்டதைத் திரட்டி மறுபடி ஒரு கோப்பையில் சேர்க்க யாராலும் முடியாது.