எட்வேட் அண்ணையின் இடது கால்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
2025 பங்குனி 6

என்ரை அன்புத் தங்கச்சி அருள்மலருக்கு,

மடுமாதாவின்ரை காவலில நீ அந்த மலையில வழுக்காமல் உருளாமல் இருப்பாய் எண்டு நம்பி எழுதிறன். உன்ரை கடிதம் பத்தொன்பது நாள் எடுத்து வந்தது. தபால்காரன் நடந்தே கொண்டு வந்திருக்கிறான் போல. போனில கதைக்கலாமே எண்டு கேட்டிருந்தாய். போனை எடுத்தால் எட்வேட் அண்ணை "ஸ்பீக்கரில போடு பிள்ளை" எண்டு பக்கத்தில வந்து குந்திவிடுவார். பிறகு நான் எப்பிடி அவரைப் பற்றி உனக்குக் கோள் சொல்லுறது? ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுக்குத் தண்டனையா இப்ப பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிறன். பிழை இருந்தால் டொக்டர் பட்டக்காரி சிவப்புப் பேனையால திருத்தி அனுப்பு.

உன்ரை கதையை மூண்டு தரம் வாசிச்சன். ஆர்ஜன்டீனாவில மலைக்கு நடுவில ஒரு சின்ன ஊர். அங்கை டொன் ஒஸ்கார் எண்டு ஒரு வாத்தியார். பிள்ளையளுக்குப் பாட்டும், பனியில சறுக்கவும் பழக்கினவர். பள்ளிக்கூடத்துக்கே அவரின்ரை பேர். செத்து நாற்பது வருசத்துக்குப் பிறகு பார்த்தால் அவர் ஜெர்மனியில இருந்து பேரை மாத்தி ஓடி வந்த, ஹிட்லரின்ரை நாசிக்காரன். ரெயிலில ஏத்திச் சாக அனுப்பின சனத்தின்ரை லிஸ்டில பேர் பேராச் சரி போட்ட ஆள். அவரின்ரை பழைய பாஸ்போட் மகள் இர்மாவிட்டை இருக்குது, அதை நீ வைக்கிற கண்காட்சியில போட அவ கையெழுத்துத் தாறாவில்லை எண்டு நீ குதிக்கிறாய். எழுபத்தெட்டு வயசு மனுசி, விடன் அவவை. போனவன் போயிட்டான்.

இஞ்சத்தைப் புதினம் கேள். பெரிய வியாழன் பூசையில, யேசு சீடருக்குக் கழுவின மாதிரி, பாதர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுறவர். அதில ஒராளா எட்வேட் அண்ணையைப் பிடிச்சுப்போட்டார். பதினெட்டு வருசமாத் தப்பினவர்! நித்திரையிலயும் சொக்ஸ் கழட்டாத மனுசன். "உங்களுக்குக் கலியாணம் சரிவராததுக்கு உந்த மணம்தான் காரணம்" எண்டன். கஞ்சி புரையேறிச் சிரிச்சார். சலரோகம்தான், சீனி கூடின வருத்தம், அவரை வாட்டுது, இடது காலில ஒரு புண்.

அந்த வாத்தியாரைப் பற்றி நீ எழுதிற புத்தகத்தின்ரை முதல் பக்கத்தில "ஐயா இல்லாத எங்களைத் தகப்பனா நிண்டு வளர்த்த அயல் வீட்டு எட்வேட் அண்ணைக்கு" எண்டு போடப் போறாயாம். அதை அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை. அச்சடிக்க அவசரப்படாதை.

உன்ரை வாய்க்காரி அக்கா,
றோஸ்மலர்

*

ஆர்ஜன்டீனா
2025 பங்குனி 27

அன்பு அக்கா,

இந்த ஊர்க் கடையில சிவப்புப் பேனை இல்லை, தப்பிச்சீங்கள்.

ஆனால் இர்மாவை விட ஏலாது. நேற்றும் போனன். அப்பிள் கேக் வெட்டித் தந்தா. தகப்பன் செய்து குடுத்த மர வண்டிலைக் காட்டினா. "உங்களுக்கு எப்ப தெரியும்?" எண்டு கேட்டன். "பன்னிரண்டு வயசில" எண்டா. அறுபத்தாறு வருசம், அக்கா! "ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" எண்டால், "ஆர் கேட்டவை?" எண்டு கேக்கை என்ரை பக்கம் தள்ளி வைக்கிறா.

அவர் சரி போட்ட ஒவ்வொரு பேருக்குப் பின்னாலையும் ஒரு வீடு இருக்குது. நாங்களும் அப்பிடி ஒரு வீடுதானே? தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில ஆமிக்காரர் கோயில் வளவுக்கை சனத்தை இருத்தி, சாக்கால முகம் மூடின தலையாட்டி ஒருத்தனைக் கொண்டு வந்து, அவன் தலையாட்டின ஆக்களை, எங்கட ஐயாவையும் சேர்த்து, ஏத்திக்கொண்டு போகேக்கை எனக்கு மூண்டு வயசு. எனக்கு ஐயா எண்டால் சுவரில தொங்கிற படம்தான். அந்த நாளைப் பற்றி நீங்கள் வாய் திறந்ததே இல்லை, நோகும் எண்டு நானும் கேட்கிறதில்லை. ஆனால் அந்தத் தலையாட்டி ஆரெண்டு எங்கையோ ஒராளுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். தலையாட்டினவனை விட அந்த ஆளிலதான் எனக்குக் கோவம்.

நீங்கள் ஏன் இர்மாவின்ரை பக்கம் நிக்கிறீங்கள்?

ஆனி முடிவில புத்தகம் அச்சுக்குப் போகுது. எட்வேட் அண்ணைக்கு என்ரை முத்தம். சொக்ஸைக் கழட்டச் சொல்லுங்கோ.

அருள்

*

தோர்ண்டன் ஹீத்
2025 சித்திரை 19, பெரிய சனி

தங்கச்சி,

உன்ரை கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வாசிச்சுப்போட்டு அரிசி கழுவப் போனன். ஒரே அரிசியை அஞ்சு தரம் கழுவினன்.

பெரிய வியாழன் எட்வேட் அண்ணை கடைசிக் கதிரையில இருந்தார். பாதர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கால்தானே கழுவிறவர்? இவர் வலது காலை நீட்டினார். இடது காலில சொக்ஸ் இருந்தபடியே இருந்தது. பக்கத்தில இருந்த, எங்கட கோயிலுக்கு வாற ரஞ்சனா "பாதி மோட்சம்தான் கிடைக்கும்" எண்டு என்ரை காதுக்கை சொன்னா. வேற நாளெண்டால் நான்தான் அதைச் சொல்லியிருப்பன்.

வெள்ளிக்கிழமை காலமை பார்த்தால் புண்ணில சொக்ஸ் ஒட்டிப்போய்க் கிடக்கு. சுடுதண்ணிப் பேசினைக் கொண்டு போய் முன்னுக்கு வைச்சன்.

"மற்றக் காலைத் தாங்கோ. பாதர் பாதி வேலைதான் செய்தவர்."

"வேண்டாம் பிள்ளை. நேர்ஸ் வரட்டும்."

"நேர்ஸ் திங்கள்தான் வருவா. அதுக்குள்ள காலே போயிடும். தாங்கோ."

தந்தார். நனைச்சு நனைச்சுக் கழட்டினன். சின்ன விரலும் பக்கத்து விரலும் ஒட்டின கால். பிறவியிலயே அப்பிடி. நான் விரலிடுக்கெல்லாம் கழுவினன். அவர் கேட்டார்.

"எப்ப தொடக்கம் தெரியும் உனக்கு?"

"பன்னிரண்டு வயசில."

உன்ரை இர்மா சொன்ன அதே சொல், அருள். நான் யோசிச்சுச் சொல்லேல்லை, வாயில வந்தது.

அண்டைக்கு நான் ஐயாவுக்குத் தண்ணி கொண்டு போனனான். திரும்பி வரேக்கை தலையாட்டி எனக்குக் கிட்டவாப் போனான்: முகத்தில சாக்கு, ரெண்டு ஓட்டை, கீழை வெறுங்கால். அயல் வீட்டு எட்வேட் அண்ணையின்ரை காலை எனக்குத் தெரியாதோ? அண்டையில இருந்துதான் அவர் மன்னார் வெயிலுக்கையும் சொக்ஸ் போட்டது.

அவர் சொன்னதை அப்பிடியே எழுதிறன். "தம்பியைப் பிடிச்சு வைச்சிருந்தவங்கள். அஞ்சு பேரைக் காட்டினால் விடுவம் எண்டவங்கள். உங்கட ஐயா அந்த அஞ்சில இல்லை. அவர் என்ரை காலைப் பார்த்தவர். பார்த்துப்போட்டுச் சிரிச்சவர். ஊருக்குச் சொல்லிப்போடுவார் எண்டு பயந்து தலையை ஆட்டினன், பிள்ளை." தம்பியையும் விடேல்லையாம்.

அடுத்த கிழமை அரிசி மூட்டையோட எங்கட வாசலில வந்து நிண்டார். அம்மா கும்பிட்டா. நீ ஓடிப் போய் அவரின்ரை மடியில ஏறி இருந்தாய். நான் வாயைத் திறந்தால் உனக்குச் சோறு இல்லை. பிறகு லண்டன், உன்ரை படிப்பு, அம்மாவின்ரை வருத்தத்துக்கு மருந்து. எல்லாத்துக்கும் அவர்தான். ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம் சொல்லுவம் எண்டு இருந்தன். அந்தக் கேக் சாப்பிடுற ஆள் நான்தான்.

அந்த முதல் பக்கத்தை நிப்பாட்டு.

றோஸ்மலர்

*

ஆர்ஜன்டீனா
2025 வைகாசி 12

அக்கா,

நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சன்.

முதல் பக்கத்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். அதில இப்ப ஒண்டும் இல்லை.

இர்மாவிட்டைப் போனன். கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வரேல்லை. "என்ன நடந்தது?" எண்டு கேட்டா. சொன்னன். அவ "உன்ரை அக்காவிட்டை நீ கேட்டுப்போட்டாய். என்ரை அப்பாவைப் பற்றிக் கேட்டதும் நீ ஒருத்திதான்" எண்டு சொல்லி, தானாவே பேனையை எடுத்தா. பாஸ்போட் என்ரை மேசையில கிடக்குது. எனக்குச் சந்தோசம் வரேல்லை.

எட்வேட் அண்ணையை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. அதைப் பிறகு பார்ப்பம். இப்ப என்னால ஏலாமல் கிடக்கிறது உங்களைத்தான். ஒரு மனுசனைக் காப்பாத்த நீங்கள் ஐயாவின்ரை கடைசி நாளை முழுக்கப் பூட்டி வைச்சிருக்கிறீங்கள். ஐயாவுக்குத் தண்ணி கொண்டு போனதையே எனக்கு முப்பத்தெட்டு வயசிலதான் சொல்லுறீங்கள். அவர் என்ன உடுத்திருந்தவர்? ஏதும் சொன்னவரோ? எனக்கு ஒரு ஐயா இருந்தவர், நீங்கள் ஒரு படத்தைத்தான் தந்தனீங்கள்.

ஆடி 14 காலமை லண்டனுக்கு வாறன். எங்கை தங்கிறதெண்டு இன்னும் யோசிக்கேல்லை.

அருள்மலர்

*

தோர்ண்டன் ஹீத்
2025 ஆனி 2

என்ரை தங்கச்சிக்கு,

நீ "அன்பு" போடாத கடிதத்துக்கு நானும் போடாமல் விட்டுப் பார்த்தன். ஏலாமல் திரும்ப எழுதிறன். அன்புத் தங்கச்சிக்கு.

எட்வேட் அண்ணை வால்தம்ஸ்டோவில ஒண்டுவிட்ட தம்பி யோகராஜா வீட்டு மேல் அறைக்குப் போயிட்டார். நான் போகச் சொல்லேல்லை. "பிள்ளை வந்து படுக்க இடம் வேணும்" எண்டு தானாத்தான் போனார். சொக்ஸ் எல்லாத்தையும் இஞ்சை விட்டுட்டுப் போயிட்டார். செவ்வாயும் வெள்ளியும் நான் போய்ப் புண் கழுவிறன். உனக்கு அது பிடிக்காது. ஆனால் இனி உன்னட்டை ஒண்டையும் ஒளிக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன், அதால இதையும் எழுதிறன். என்ன செய்யிறதெண்டு எனக்கும் தெரியாது. கால் மட்டும் அழுகக் கூடாது.

இனி நீ கேட்டது.

நீலச் சாறம், கோடு போட்டது. மேலுக்கு அரைக்கைச் சேட், பொத்தான் ஒண்டில்லை. அம்மாவைக் காலமை அதைத் தைக்கச் சொன்னவர், அவ மறந்திட்டா. வேப்ப மரத்துக்குக் கீழை மூண்டாவது வரிசையில குந்தி இருந்தவர். ஒரு ஆமிக்காரன் என்னைத் தண்ணியோட உள்ளை விட்டான். அப்ப தலையாட்டி வரிசைக்குக் கிட்ட வரேல்லை. ஐயாவுக்குப் பக்கத்தில ஒரு பெடியன் நடுங்கிக்கொண்டு இருந்தான், ஐயா அவனைப் பார்த்துச் சிரிச்சார். பயந்த பிள்ளையளைக் கண்டால் அவர் அப்பிடித்தான் சிரிக்கிறவர், அருள். சாக்குக்கை இருந்த பெடியனைப் பார்த்தும் அப்பிடித்தான் சிரிச்சிருப்பார். இதை நான் போன வெள்ளி எட்வேட் அண்ணைக்குச் சொன்னன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

ஐயா செம்பை வாங்கி ஒரு வாய் குடிச்சார். நான் விக்கி விக்கி அழுதுகொண்டு நிண்டன். செம்புக்குள்ள எட்டிப் பார்த்துப்போட்டுக் கேட்டார்: "என்னடி, தண்ணி உப்பாக் கிடக்குது? கடலுக்கை போயோ அள்ளினனீ?"

எனக்கு அந்த அழுகைக்கை சிரிப்பு வந்திட்டுது. "சின்னவளுக்கும் இப்பிடி ஏதும் சொல்லிச் சிரிக்க வை" எண்டார். செம்பைத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான்.

நான் உனக்கு விட்ட பகிடியெல்லாம் அவர் தரச் சொன்னதுதான், அருள். ஆரிட்டை இருந்து வந்தது எண்டதைத்தான் நான் சொல்லாமல் விட்டிட்டன்.

ஆடி பதினாலாம் திகதி எயாப்போட்டில நிப்பன். நீ கதைக்க வேண்டாம். பெட்டியை மட்டும் நான் தள்ளுறன்.

அக்கா