சோளக்கட்டைப் பிடி

அன்புள்ள அப்பாவுக்கு,

வலது கையில் கொஞ்சமாவது உணர்வு வந்ததா? அம்மா பழம் நறுக்கித் தந்தால் எரிந்து விழுகிறீர்களாமே. அதனால் இங்கே பட்டறையில் உங்களுக்கென்று ஒரு மடக்குக்கத்தி செய்தேன். இடது கையாலேயே திறக்கலாம். முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் பிசினில் ஊறவைத்து, இறுகியதும் பிடி போட்டேன். சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது.

"ஏம்மா, குப்பையையா பிடியாப் போடறே?" என்று முதலாளி சிரித்தார்.

இடது கையால் திறந்து பார்த்ததில் என் விரலில் இரண்டு தையல். பதறாதீர்கள், கத்தி தானாக மடங்காதபடி சரிசெய்துவிட்டேன். நாளெல்லாம் நின்று கால் கடுக்கிறது, வேறு குறையில்லை. இந்த வருஷமும் லீவு இல்லையாம்.

பார்சல் வந்ததும் அம்மாவை எழுதச் சொல்லாதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும் நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எட்டு மாதமாகிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மூத்தவள்