கன்றிப்போன கை

மார்ச் 4
இன்றும் மனைவிக்கு மூக்கில் ரத்தம். தலையைக் குனியவைத்து மூக்கை அழுத்திப் பிடித்தேன். நின்றது. இந்த ரத்தப் புற்றுநோய் உடனே கொல்லாதாம், வருஷக்கணக்கில் கூடவே இருக்குமாம். அதை அடக்குகிற மாத்திரைதான் ரத்தத்தைச் சீக்கிரம் உறையவிடுவதில்லை. கதவில் லேசாக இடித்தாலும் கை கன்றிப்போகிறது.

மார்ச் 9
மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவியின் கன்றிய கையைப் பார்த்திருக்கிறாள்.
"உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமே?" என்றேன் மனைவியிடம்.
"வேண்டாம். கேன்சர்னு தெரிஞ்சா என்னைப் பொணமாத்தான் பாப்பாங்க. நீங்க அடிக்கறீங்கன்னே நினைச்சுக்கட்டும்."
சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போ நான்?

மார்ச் 15
அவள் அண்ணன் வந்தார். கையைப் பார்த்தார். என் சட்டையைப் பிடித்தார். "என் தங்கச்சி மேலயா கை வச்ச?"
அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? நோயைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று அவளுக்குக் கொடுத்த வாக்காம். மண்ணாங்கட்டி.

மார்ச் 20
அவளிடமிருந்து ஒரு வரி: பல்வலி, நாளைக்குப் பிடுங்கப்போகிறேன். மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தாமல் பிடுங்கவே கூடாது! ஓடினேன். மச்சான் உள்ளே விடவில்லை. அவளுக்குக் கேன்சர் என்று வாசலில் நின்று கத்தினேன்.
"அடிச்சதுக்கு இப்படி ஒரு கதையா? த்தூ."
கதவைச் சாத்தினார்.

மார்ச் 21
ரத்தம் நிற்கவில்லையாம்.

மார்ச் 22
மச்சான் மனைவி பக்கத்தில் இருந்ததால் பல் டாக்டரிடம் இவள் மாத்திரையைப் பற்றி மூச்சே விடவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி, கடைசியில் மயங்கி, பெரிய ஆஸ்பத்திரி. "என்ன மருந்து சாப்பிடறாங்க?" என்று அங்கே கேட்டபிறகுதான் மச்சான் என்னைக் கூப்பிட்டார். மாத்திரையை நிறுத்தி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு ஏற்றி, தையல் போட்டு — பிழைத்தாள். மச்சான் என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

ஏப்ரல் 12
வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தாயிற்று. விஷயம் தெரிந்துபோன எதிர்வீட்டம்மாவுக்கு இப்போது நான் தெய்வம்.
காலையில் மனைவி சொன்னாள்: "உங்களை எல்லாரும் திட்டினப்ப, உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துச்சு."
அவள் கையைப் பிடித்தேன். "வலிக்குதுங்க" என்றாள். விடவில்லை. வலிக்கும் என்று தெரியும். தெரிந்துதான் இறுக்கினேன்.

ஏப்ரல் 13
மச்சான் பழம் வாங்கி வந்தார். அவள் கையில் என் ஐந்து விரலும் கருநீலமாக.
"மாத்திரைதானேம்மா? லேசாத் தொட்டாலே இப்படி ஆயிடுதே!"
"ஆமாண்ணா."
அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மச்சான் என் தோளைத் தட்டினார். "உங்கள மாதிரி யாரு பாத்துப்பாங்க, மாப்பிள்ளை?"