பதினோராம் நம்பர் படம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. லேபில் ஃபாஸ்டிங் சுகருக்கு பதினாலு பேர். பூ மார்க்கெட் சுடலை அண்ணாச்சி கையை நீட்டிக்கொண்டே, "மக்கா, போன தடவ நீ குத்துனது எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இன்னைக்கும் அதே எறும்ப விடு" என்றார். சுகர் 212. எறும்பு வரத்தான் செய்யும்.

மதியம் காதர் பாய் போன். கடையநல்லூரில் ஜவுளிக்கடை, எங்கள் சினிமாக் குழுவுக்கு அட்மின். "எஸ்தரம்மா, பன்னெண்டு படம் வந்திருக்கு. நீதான் மூணாம் நடுவர். பதினஞ்சாம் தேதி ரிசல்ட் சொல்லிரணும், இன்ஷா அல்லாஹ்."

புது டைரி, அதனால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். விருது சீசனில் ஊரே எடுத்த படங்களுக்குப் பரிசு கொடுக்கும்போது, நாங்கள் எடுக்காத படங்களுக்குக் கொடுக்கிறோம். ஒரு பக்கக் கதை, ஒரு போஸ்டர், நடிகர் பட்டியல் (அவர்களும் கற்பனைதான்). எழுதியவர் பெயர் பாயிக்கு மட்டும் தெரியும், எங்களுக்கு வெறும் நம்பர். எங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. படத்தைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தது போலவே எழுத வேண்டும். கதைத்தாளில் இல்லாத காட்சி ஒன்றையும் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். அதற்கு 'நடுவர் கண்ட காட்சி' என்று பெயர். எனக்கு ஆசையே அதில்தான்.

இன்னொரு விதி. எழுதினது யாரென்று தெரிந்துவிட்டால் நடுவர் பாயிடம் சொல்லிவிட வேண்டும், படம் போட்டியை விட்டுப் போய்விடும். போன வருஷம் ஒரு நடுவர் தன் மச்சினன் படத்துக்கு ஒன்பது போட்டார். கண்டுபிடித்துச் சொன்னது நான். இன்னும் அவர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

பிப்ரவரி 4, புதன்

மாலையில் நாலு படம் 'பார்த்தேன்'.

நம்பர் 1. ஹீரோவுக்கு மூன்று வேடம். மூன்றும் செத்துப்போகிறது. அப்புறம் யார் பழிவாங்குவது? 4.

நம்பர் 2. பேய். நல்ல பேய். பேயே நல்லதாக இருந்தால் நான் எதற்குப் பயப்பட வேண்டும். 5.

நம்பர் 3. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் ராக்கெட் இறங்குகிறது. சத்தம் கேட்டு இடி என்று நினைத்து எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு 7.

நம்பர் 4. போஸ்டர் மட்டும் நன்றாக. 3.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டே: "ஏட்டி, இல்லாத படத்துக்கு மார்க்கு போட்டு உனக்கு என்னத்த கெடைக்கப் போவுது? இருந்த மாப்பிளைக்கு..." அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நல்ல இடத்தில் இடைவேளை விடத் தெரிந்தவள்.

ஊசி டப்பா தீருகிறது. ஆர்டர்.

பிப்ரவரி 6, வெள்ளி

நம்பர் 11.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் படித்தேன். மூன்று தடவை.

படத்தின் பெயர் 'தெருவுக்கு ஒரு தடவை'. ஹீரோ விளம்பர ஆட்டோ ஓட்டுகிறவன். மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர், கையில் மைக். ஜவுளித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், யாராவது இறந்தால் அந்த அறிவிப்பு. வீட்டில் பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தினமும் ஆட்டோ தன் தெருவுக்குள் வரும்போது, தள்ளுபடிக்கு நடுவில் அவளுக்கு ஒரு வரி சொல்வான். "இன்று ஒரு நாள் மட்டும். முட்டிவலித் தைலம் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அனைவரும் வருக." தெருவே கேட்கும், அவளுக்கு மட்டும்தான் புரியும்.

இது எங்கள் படம். எனக்கும் டே.க்கும். முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை, டே. போதும். ஆறு வருஷம் என் வீட்டுக்காரர். கோயம்புத்தூர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கோர்ட்டில் எல்லாம் முடிந்தது போன வருஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது, விளம்பர ஆட்டோ ஒன்று வழி விடாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. டே. பைக்கை மெதுவாக விட்டுக்கொண்டு, "இவன் பொண்டாட்டி இந்தத் தெருவுல இருந்தா என்ன சொல்லுவான்?" என்றார். அங்கே பிறந்த கதை. அப்புறம் ஞாயிறுதோறும் ஒரு காட்சி. யாருக்கும் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை.

முடிவு மட்டும் அமையவே இல்லை. டே. சொன்னது: அவள் அழுதுகொண்டே ஆட்டோ பின்னால் ஓடி வருகிறாள். நான்: "ஆறு மார்க். ஓடுற பொம்பளையை எத்தனை படத்துல பாக்கது?" "அப்ப நீ சொல்லு." எனக்கும் வரவில்லை.

நம்பர் 11இல் முடிவு இருக்கிறது. அவள் ஓடவில்லை, அழவில்லை. நடந்து வந்து ஆட்டோவை மறித்து, அவன் கையிலிருந்து மைக்கை வாங்கி, தெருவே கேட்கச் சொல்கிறாள்: "ரசம் ஆறிப்போகுதுங்க. ஊட்டுக்கு வாங்க."

படித்ததும் அழுகை வந்துவிட்டது. மானிட்டரைப் பார்த்து அழுகிற லேப் டெக்னீஷியன். ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு அம்மா பயந்தே போனார். "ஏம்மா, எனக்கு ஏதும் பெரிய வியாதியா?"

பிப்ரவரி 7, சனி

'ஊட்டுக்கு'. கோயம்புத்தூர் போய் மூன்று வருஷம், நாக்கு மாறாமலா இருக்கும். கதையில் அவள் தலையில் முல்லை வேறு. நான் பூவே வைப்பதில்லை, தும்மல் வரும். அடையாளம் தெரியக் கூடாது என்று மாற்றியிருக்கிறார் போல.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை எங்களுக்கு. எனக்கு நாக்கில் மார்க் ஷீட். குழம்புக்கு ஆறு, சட்டைக்கு அஞ்சு, அவர் தங்கச்சி கல்யாணத்தில் அவர் பேசின பேச்சுக்கு ஏழு. ஏழு நல்ல மார்க்தான்! "பத்து எப்பம்ட்டி போடுவ?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார். "பத்து போட்டா அதுக்கு மேல முன்னேற வழியே இல்லையே" என்பேன். முதல் ரெண்டு வருஷம் சிரித்தார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தினது எனக்குத் தெரியவே இல்லை, அதுதான் கொடுமை.

போகிற அன்றைக்குச் சொன்னது: "உங்கிட்ட எப்பவும் பரீட்ச எழுதுத மாதிரியே இருக்கு எஸ்தர். ஒரு நாளாவது ரிசல்ட் வராம சாப்பிட்டிருக்கனா?"

பாயிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நம்பர் 11 போய்விடும். குழுவுக்குள் வராதவர் வந்திருக்கிறார். நான் அங்கே இருப்பேன் என்று தெரிந்துதானே.

இன்று சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் விடவில்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்ன புதுக் கரிசனம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுக்களைக்குள் போனில்: "அவளுக்கு இன்னும் தெரியாது... நான் எப்பிடிச் சொல்லுதது." என்னைப் பார்த்ததும் வெங்காய விலைக்கு மாறிவிட்டாள். சர்ச் மாதர் சங்கத்துச் சந்தா பாக்கி விவகாரமாக இருக்கும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

மாலை காதர் பாய். "எல்லாம் சரிதானம்மா? தெரிஞ்சவங்க படம் ஒண்ணும் இல்லையே? நீ சொன்னா அது ஐகோர்ட்டு தீர்ப்பு."

"இல்ல பாய்."

எவ்வளவு சுலபமாக வந்தது. மச்சினன்காரர் நினைவுக்கு வந்தார். பாவம் மனுஷன்.

பிப்ரவரி 9, திங்கள்

நம்பர் 11க்கு 'நடுவர் கண்ட காட்சி' எழுதி அனுப்பிவிட்டேன். காப்பி இங்கே:

"இடைவேளைக்கு முன்னால் வரும் காட்சி. அவன் ஊரை விட்டே போகிறான். தெருவில் ஆட்டோ நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆட்டோ நகரவில்லை. கேமரா வீட்டுக்குள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். ஒரு கை கொண்டியில். கேமரா மெதுவாகக் கீழே இறங்குகிறது. காலில் செருப்பு. வீட்டுக்குள் செருப்புப் போடாதவள். வெளியே எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே கேட்கிறது. அப்புறம் தூரமாகிறது. அவள் செருப்பைக் கழற்றி, ஜோடியாக, சுவர் ஓரமாக வைக்கிறாள். இந்தக் காட்சியில் வசனம் இல்லை."

டே. போன அன்றைக்கு வாசலில் ஆட்டோ அவ்வளவு நேரம் ஏன் நின்றது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கொண்டியைத் தள்ளினால் தெரு. கூப்பிட்டால் வந்திருப்பார். அவரே கூப்பிடட்டும் என்று நானும் நின்றேன். யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. இப்போது டே. படிப்பார்.

மார்க்: பத்து என்று எழுதினேன். அடித்தேன். ஒன்பது. நான் எந்தப் படத்துக்கும் ஒன்பது போட்டதே கிடையாது. மிச்சம் ஒன்று நேரில். வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

செய்தவை: திரைச்சீலை துவைத்தேன். காப்பித்தூள் கால் கிலோ, சிக்கரி இல்லாமல் (டே.க்கு சிக்கரி ஆகாது). செருப்பு வார் தைக்கக் கொடுத்தேன். அம்மா சமைத்த சொதிக்கு மார்க் சொல்லவில்லை. "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காட்சிகளை எல்லாம் பாய் குழுவில் போட்டாகிவிட்டது. செருப்புக் காட்சிக்கு நாற்பது இதயம். அவற்றில் டே. போட்டது எது என்று தேடினேன். தெரியாத நம்பர்கள்.

லேபுக்கு வெளியே நிஜ விளம்பர ஆட்டோ. பதிவு செய்த குரல்தான் இப்போதெல்லாம், உள்ளே டிரைவர் வடை தின்றுகொண்டிருந்தார். ஆனாலும் எழுந்து வாசல் வரைக்கும் போனேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிசல்ட். நாலரைக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டு உட்கார்ந்தேன், வீடியோகூட இல்லை, வெறும் மெசேஜ்தான்.

சிறந்த படம்: நம்பர் 11, 'தெருவுக்கு ஒரு தடவை'.

எழுதியவர்: ஷீபா டேனியல், கோயம்புத்தூர்.

என் கண் இரண்டாவது வார்த்தைக்குத்தான் முதலில் போனது. சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே, ரெண்டு மூச்சு நேரம். அப்புறம்தான் முதல் வார்த்தையைப் படித்தேன்.

ஏற்புரை வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது, இங்கே எழுதப் போனைப் பார்க்க வேண்டியதில்லை:

"எல்லாருக்கும் நன்றிங்க. கதை எங்க வீட்டுக்காரர் சொன்னதுங்க. இந்தக் குழுவைப் பத்திச் சொன்னதும் அவர்தான். கல்யாணம் ஆன புதுசுல இருந்து சாயங்காலமானா துண்டு துண்டாச் சொல்லுவாருங்க. முடிவு மட்டும் அவருக்கு வரவே இல்லை. முடிவு என்னோடதுங்க. மூணாம் நடுவர் எழுதின செருப்புக் காட்சியை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அப்புறம், அந்த நடுவர் எத்தனை மார்க் போட்டாங்கன்னு மட்டும் கேட்டாருங்க. தெரிஞ்சுக்கலாமுங்களா?"

அம்மா வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். போனை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கிறிஸ்மஸுக்கு முந்தியே தெரியும்ட்டி. பாஸ்டரம்மாதான் சொன்னாவ. எப்பிடிச் சொல்லுததுன்னு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. நெஞ்சு வலிக்கிறது, அவ்வளவுதான். லேபில் டெஸ்ட் எடுத்தால் நார்மல் என்று வரும்.

எழுதினவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று பாயிடம் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிட்டது. நல்ல நீதிமான் நான்.

அந்தப் பெண் நன்றாகவே முடித்திருக்கிறாள். ஆறு வருஷம் நாங்கள் தேடிய முடிவு அது. எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டது. வெளியே வந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.

குழுவில் பதில் போட்டேன்: "மூணாம் நடுவர்: பத்துக்குப் பத்து."

ஒரு நிமிஷத்தில் காதர் பாய் போன். "எஸ்தரம்மா, எங்கிட்ட உள்ள தாள்ல ஒம்பதுன்னுல்லா இருக்கு?"

"தப்பாப் போட்டுட்டேன் பாய். பத்துதான். திருத்திருங்க."

"நீ திருத்தச் சொல்லுதியா!" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "அழுதியாம்மா?" என்றார்.

ரசம் ஆறுகிறது என்று அம்மா கூப்பிடுகிறாள்.