டிரம் பலகைக் கதவு

சோபனா கண்ணு,

ஹாஸ்டலில் சாப்பாடு பரவாயில்லையா? அப்பா வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியைப் பிரித்துவிட்டார்கள். ஓடு, உத்தரம் எல்லாம் லாரியில் போய்விட்டது. அப்பா இறங்கி, உயிரோடு ஏறிவராத அந்தக் கழிவுத் தொட்டியில் மண் கொட்டியாயிற்று.

தோல் உருட்டும் மர டிரம்மைக் கழற்றிய மேஸ்திரி, "பலகைய எடுத்துக்கோம்மா, கரையானே அண்டாது" என்றார். நம் வாசலுக்கு அதில்தான் இப்போது கதவு. நீ வந்தால் மூக்கைப் பொத்தாதே.

நேற்று மழை. கதவு நனைந்ததும் அந்தத் தோல் வாடை அடுப்படிவரை வந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று கத்திவிட்டேன். அப்பாவிடம் தினமும் சொன்னதுதானே.

அழவில்லை. ஆனால் அண்டாவில் வெந்நீரும் போட்டிருந்தேன். ஆறுவதற்குள் நானே குளித்துவிட்டேன்.

அம்மா