கூடத்துக்கு மூன்று கோட்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வழக்கமான சண்டைகளோடு சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சண்டை இல்லாமலே சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். சுகம் என்று எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதம் அனுப்புகிறான் என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறாள், நான் சொல்லப்போவதோ அவள் காதில் விழக் கூடாத விஷயம். அதனால் பெயின்ட் கடைக்காரரிடம் ஒரு ஸ்டூலும் நாலு தாளும் கேட்டு வாங்கி, கடை மூலையில் டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தின்னர் வாடை மண்டையைப் பிளக்கிறது, கையெழுத்துக் கோணினால் அதன்மேல் பழி போட்டுக்கொள்.

வீட்டுத் தரைக்குக் கடைசியில் எந்தப் பூச்சு அடித்தீர்கள் என்று போன தடவை கேட்டாயே, நான் மழுப்பினேனே, அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தப் பலகை எல்லாம் உன் அம்மா இருபது வருஷம் தையல் மெஷின் ஓட்டிய கம்பெனியை இடித்தபோது எடுத்து வந்தது என்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைப் பதித்தபோது அவள் பண்ணிய அமர்க்களம் உனக்குத் தெரியாது. மெஷின் கால் அழுந்திக் குழி விழுந்த பலகை மாடிப்படிக்கு முன்னால்தான் வர வேண்டுமாம், போல்ட் ஓட்டை வரிசையாக இருக்கிற பலகை அடுப்பங்கரைக்கு இறங்கும் இரண்டு படிக்கு முன்னால், சொரசொரப்பானது குளியலறைப் பக்கம். தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல பலகையைக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டு ஓட்டைப் பலகையை நட்டநடுவுல போடச் சொல்றீங்களேம்மா, பார்க்கிறவன் என்னையில்ல காறித் துப்புவான் என்று புலம்பினார். நானும் சும்மா இருந்தேனா, மகாராணி பழைய சிம்மாசனம் எங்க இருந்துச்சுன்னு தேடுறாங்க, விடுங்க என்று கிண்டல் அடித்தேன். அவள் வாயே திறக்கவில்லை. நம் வீட்டில் அது எப்பேர்ப்பட்ட அதிசயம், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்போது தடவிய எண்ணெய் இந்த வருஷம் வற்றிவிட்டது. பானை வைத்த இடமெல்லாம் கறுப்பு வட்டம், என் குதிகாலில் இரண்டு தடவை சிராய் ஏறியது. நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு, நல்லா கெட்டியா ஒரு கோட்டிங் போட்டுடுங்கப்பா, அம்மா குனிஞ்சு துடைக்கிற வேலை மிச்சம் என்றாய். பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். அவர் பலகைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், கண் மூடித் திறப்பதற்குள் உறிஞ்சிவிட்டது, பலகை தவிச்சுப்போய்க் கிடக்கு சார் என்றார். மூன்று வழி சொன்னார். எண்ணெய் மரத்துக்குள்ளே இறங்கும், கால் வைத்தால் மரம் மரமாகவே இருக்கும், ஆனால் வருஷா வருஷம் தடவ வேண்டும். மெழுகு பார்க்க அழகு, நாற்காலியை இழுத்தால் தடம் விழும், தண்ணீர் பட்டால் வெளுக்கும். மூன்றாவது பிளாஸ்டிக் வார்னிஷ், மரத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இறுகி நின்றுகொள்ளும், பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். அம்மா ஒரே பிடியாக எண்ணெயே போதும்ங்க என்றாள். சரி சரி, எண்ணெய்தான் என்று மண்டையை ஆட்டினேன், வாடை ஆகாது என்று அவளைச் சித்தி வீட்டில் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தேன். வந்து மூன்றாவதைத்தான் அடித்தேன். அவளுக்குத் தெரியாது, பார்த்து அசந்துபோகட்டும் என்ற நினைப்பு, என் புத்தியை என்ன சொல்ல. ஒடிந்த ஆணி நிறைய இருந்ததால் தேய்க்கும் மெஷின் வேண்டாம் என்று கையால் லேசாகத் தேய்த்து, ஓட்டை குழி ஒன்று விடாமல் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே மூன்று கோட். கூடம் முழுக்க முகம் தெரிந்தது அம்மாடி, நானே சீப்பை எடுத்துத் தலைவாரிப் பார்த்தேன்.

அம்மா வந்தாள், வாசலில் செருப்பைக் கழற்றினாள், ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், அப்படியே நின்றாள். எப்படி இருக்கு என்றேன் மார்பை நிமிர்த்திக்கொண்டு. நல்லா இருக்குங்க என்றவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டே அறைக்குப் போனாள். வழுக்கும் என்று பயப்படுகிறாள், இரண்டு நாளில் பழகிவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அறையை விட்டு வெளியே வரவே இல்லை, தண்ணீர்கூட எடுத்து வரச் சொன்னாள், எண்ணெய் என்று சொல்லி ஏமாற்றிய கோபம் என்று நானும் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் நல்ல வெளிச்சத்தில் அடுப்பங்கரைப் படியில் விழுந்தாள். நெற்றியில் காயம், முழங்கால் வீங்கிவிட்டது. பயப்படாதே, இப்போது ஆறிவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்காமல் கத்தினேன், பகல்ல கண்ணு தெரியலையா உனக்கு என்று. அவள் தரையில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையால் பலகையைத் தடவித் தடவித் தேடினாள். எங்கங்க அந்த ஓட்டை எல்லாம், அதை மிதிச்சுத்தாங்க நான் படியைக் கண்டுபிடிப்பேன் என்றாள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள், கண்ணில் நீர் அழுத்தமாம், கிளாக்கோமா என்கிறார்களே அது. தெரிந்து இரண்டரை வருஷம் ஆகிறது, சித்தியைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்த்திருக்கிறாள், என்னிடம் கண் உறுத்துகிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருமாம். நேராகப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும், அதனால்தான் டிவி பார்த்தாள், நானும் ஏமாந்தேன். காலடியில் எதுவும் தெரியாது. அதற்காகத்தான் அன்றைக்கே பலகையை இடம் பார்த்துப் போடச் சொல்லியிருக்கிறாள், பின்னால் காலால் படித்துக்கொள்ளலாம் என்று. அதைத்தான் நான் பசை வைத்து அடைத்தேன். உன்மேல்கூட ஒரு நிமிஷம் கோபம் வந்தது, கெட்டி கோட்டிங் என்று நீதானே சொன்னாய் என்று. அது தப்பு, நீ நல்லதுக்குச் சொன்னாய், வாக்குக் கொடுத்து மாற்றிச் செய்தவன் நான். முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இது தெரியவில்லையே என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பாலிஷ்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். ஆணியைப் பிடுங்கிட்டு மெஷினை வெச்சு இழுத்தா ஒரே நாள்ல உரிச்சுடலாம் சார் என்றார். மெஷின் விட்டால் குழியும் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடுமே, நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன், அந்த மனுஷன் முழித்தார், பிறகு விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில் பெயின்ட் உரிக்கும் மருந்தும் சுரண்டும் தகடும் எடுத்துக்கொண்டு அவராகவே வந்துவிட்டார். நான் சின்ன ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு ஓட்டையாகப் பசையைத் தோண்டுகிறேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தோண்டுங்க, சோம்பேறித்தனம் காட்டாதீங்க என்று அதிகாரம் பண்ணுகிறாள். அடுப்பங்கரைப் பக்கம் முடிந்தது, மாடிப்படிப் பக்கம் பாதி. இனி எண்ணெய்தான், வருஷா வருஷம் நானே தடவுவேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்குமாம், நனைத்து விரித்துத்தான் காயப்போடுகிறேன், அதற்கு நீ கவலைப்படாதே.

போன திங்கட்கிழமை நானும் கூடப் போய் டாக்டரைப் பார்த்தேன். போனது திரும்பாது என்றார், இருக்கிற வட்டம் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டேன், வருஷக் கணக்கெல்லாம் வெச்சுக்காதீங்க என்றார். திரும்பி வரும் வழியில் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள், அவகிட்ட மூச்சு விடாதீங்க, புது வேலை, போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா என்று. எண்ணெய் விஷயத்தில் ஏற்கனவே ஒரு வாக்கை மீறியவன், இது இரண்டாவது. நீ அடுத்த வருஷம் லீவு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாய். அடுத்த வருஷம் வந்தால் அவளுக்கு உன் குரல் கிடைக்கும் அம்மாடி, முகம் கிடைக்காது. அவள் கேட்க மாட்டாள், நான் கேட்கிறேன், இப்போதே வா.

ஏன் திடீரென்று வந்தாய் என்று துருவுவாள். தரைக்கு எந்தப் பூச்சு என்று அப்பாவை நம்பி விட முடியாது, அதான் நானே வந்துட்டேன் என்று சொல், அதை உடனே நம்பிவிடுவாள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், வேளைக்குச் சாப்பிடு, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே, வந்ததும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளாதே. ரொம்பக் கிட்டே வந்தால் வட்டத்துக்குள் மூக்கு மட்டும்தான் தெரியுமாம். நாலடி தள்ளி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி நேராக நில், அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் அசையாதே.

இப்படிக்கு,
சொன்ன சொல்லைக் காப்பாற்றாத
உன் அப்பா